இருபத்து மூன்றாம் வில்லை

எங்கள் கப்பலில் துண்டுகள் எப்போதும் சூடாக இருக்கும். குளியலறைச் சுவரில் ஒரு கம்பி உண்டு, அதற்குள் வெந்நீர் ஓடும். துண்டை அதில் விரித்துப் போட்டால் போதும். ஆனால் மடித்துத் தொங்கவிட்டால் நடுவில் ஈரம் நின்றுவிடும். நான் சேர்ந்த புதிதில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. நான்தான் அறை அறையாகப் போய்ப் பிரித்துப் போட ஆரம்பித்தேன். பனிக்கரையிலிருந்து விறைத்துப்போய் வருகிறவர் அந்தத் துண்டில் முகத்தைப் புதைக்கும்போது யாருக்கும் நன்றி சொல்லமாட்டார். சொல்ல வேண்டியதும் இல்லை. சின்ன அன்பு அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து வாழ்ந்தவள் நான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐயா, விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. பயணி தோன் ஃபெர்மின் லசார்த்தே இன்னும் கரையில்தான் இருக்கிறார் என்று தெரிந்தே அவருடைய எண் வில்லையைத் திருப்பினீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரிந்தேதான் திருப்பினேன். கை தவறி நடந்தது என்று கப்பல்காரர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் நல்லவர்கள். என்மேல் வேறுவிதமான எண்ணம் அவர்களுக்கு வராது.

நான் எதெல்மிரா ஓயார்சோ. பிறந்தது சிலோயே தீவில். பிழைக்க வந்தது இங்கே, உஷுவாயாத் துறைமுகத்துக்கு. கோடை முழுக்க, பனிக்கண்டத்துக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகும் 'சாந்தா ரீத்தா' கப்பலில் அறைகளுக்கெல்லாம் நான் பொறுப்பு. புனித ரீத்தா கொடுமைக்காரப் புருஷனோடு குடும்பம் நடத்தியவர். அந்தப் பெயரைத் தாங்கிய கப்பலில் வேலை செய்வதை நான் ஒரு அழைப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

பெரிய கப்பல் இல்லை. கீழ்த்தளத்து அறைகளுக்கு வட்டச் சன்னல்தான். வழியில் திரேக் கடலில் அலை ஏறினால் அதற்கும் இரும்பு மூடி போட்டுத் திருகிவிடுவோம். நடுத்தளத்தில் கொஞ்சம் பெரிய சன்னல். மேலே இரண்டே அறைகளுக்குப் பால்கனி உண்டு. ஒரு சாப்பாட்டுக்கூடம். தட்டுகள் வழுக்காதிருக்க அங்கே மேசை விரிப்பை ஈரமாக்கித்தான் போடுவோம். புத்தகங்களைவிடப் படத்துண்டு அடுக்கும் விளையாட்டுகள் அதிகமாக இருக்கும் ஒரு நூலக அறை. நாலு பேர் உட்காரும் வெப்ப அறை ஒன்று, அதன் சின்னச் சன்னல் வழியாகப் பனிப்பாறை மிதந்து போவதைப் பார்க்கலாம். நடைவழிக் கைப்பிடிகளில் வாந்திக்கான காகிதப் பைகளைச் செருகி வைப்போம். பார்க்க அருவருப்பாக இருக்கக்கூடாது என்று நான் அவற்றை விசிறிபோல மடித்து வைப்பேன். இரவுக்குப் படுக்கை விரிக்கும்போது தலையணைமேல் ஒரு சாக்லேட், போர்வைக்குள் ஒரு வெந்நீர்ப் பை, பையின்மேல் என் விரலால் ஒரு சிலுவை. சிலுவை யாருக்கும் தெரியாது.

என்னோடு அறை வேலை செய்கிற சோய்லா கேலி பண்ணுவாள். "வந்துட்டாங்க பாரு புனித எதெல்மிரா, வெந்நீர்ப் பைகளின் பாதுகாவலி! அக்கா, நீங்க செத்தா உங்களுக்கு ஒரு சுரூபம் வெச்சு, கையில ரப்பர் பை கொடுத்துடலாம்."

"கொடு. ஆனா மூடிய இறுக்கித் திருகிக் கொடு. உனக்குத் திருகவே வராது" என்பேன்.

இனி வில்லைகளைப் பற்றி. படகில் இறங்கும் அறையின் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. அதில் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு எண் வில்லை, காசு மாதிரி வட்டத் தகடு. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. கரைக்கு இறங்கும்போது அவரவர் தன் வில்லையைச் சிவப்புக்குத் திருப்பவேண்டும், திரும்பி வந்ததும் வெள்ளைக்கு. அவரவர் கையால். வேறு யாரும் தொடக்கூடாது. பலகை முழுக்க வெள்ளையானால்தான் நங்கூரம் ஏறும்.

ஆனால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். குளிரில் வந்ததும் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ரம் கலந்த சூடான சாக்லேட்டைத் தேடி ஓடுவார்கள். அப்போது எங்கள் கரைப்பயணத் தலைவர் எலீசெயோ ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒருமுறை கோர்தோபாவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மதியம் சாப்பிட வரவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பலகையில் சிவப்பு மிஞ்சினால் அறைக்குப் போய் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, நானே வந்து திருப்பிவிடுவேன்.

எலீசெயோவுக்கு இது தெரியும். கரையிலிருந்து வாக்கி-டாக்கியில் கேட்பார்.

"எதெல், பதினேழு உள்ளதானே?"

"உள்ளதான். சோப்புப் போட்டுக்கிட்டிருக்காங்க."

"உன் கண்ணால பார்த்தியா?"

"பார்க்காம சொல்லுவேனா?"

"நீ சொன்னா சரி. போப்பாண்டவரே வந்து சொன்னாக்கூட நான் இன்னொருவாட்டி எண்ணிப் பார்ப்பேன்."

அப்படி ஒரு பெயர் எனக்கு. அதைச் சேர்க்க எத்தனை கோடைகள் ஆயின என்று நினைக்கிறீர்கள்.

தோன் ஃபெர்மினும் அவர் மனைவி தோன்யா க்ளோரிந்தாவும் ரொசாரியோவிலிருந்து வந்தவர்கள். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்குக் கைகள் நடுங்கும். வியாதிதான். பெயர் சொன்னார்கள், நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. காற்றில் சிக்கிய குருவிபோல அந்தக் கைகள் மடியில் கிடந்து துடிக்கும். பனிக்கண்டத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பார்த்த உடனே எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. கப்பலில் இப்படி ஒருவர் வரும்போது எனக்குத் தெரிந்துவிடும், ஆண்டவர் இவரை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று.

ஆனால் தோன் ஃபெர்மின் யாரையும் நெருங்க விடவில்லை. மனைவியின் இறைச்சியை அவரே வெட்டினார். குளிரங்கியின் பொத்தான்களை அவரே போட்டார், அதுவும் முரட்டுத்தனமாக, தாவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் உதவப் போனால், "விடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்பார். குரல் உயராது. என்னைப் பார்க்கவும் மாட்டார்.

மேலே பால்கனி அறை ஒன்று காலியாக இருந்தது. குறைந்த கட்டணத்துக்கே தருவதாக அலுவலகத்தில் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார். நடுத்தளத்தில், துவைத்த துணிகள் வைக்கும் துணி அறையை ஒட்டிய அறையைத்தான் கேட்டு வாங்கினார். மனைவிக்கு ஒரு நல்ல காட்சியைக்கூடக் கொடுக்காத மனிதர் என்று சோய்லாவிடம் சொன்னேன். அந்த அறையிலும் சன்னல் பக்கப் படுக்கையை அவரே எடுத்துக்கொண்டார்.

கப்பலின் நடுப்பகுதியில்தான் ஆட்டம் குறைவு. அது எனக்குத் தெரியும். சன்னல் பக்கப் படுக்கைதான் சில்லென்று இருக்கும். அதுவும் தெரியும், அந்தப் படுக்கைகளை விரிக்கிறவள் நான்தானே. தெரிந்தும் அன்றைக்கு அதை நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாளே வெந்நீர்ப் பையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "இது வேண்டாம்மா. எங்க அறைக்கு வைக்காதீங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பாதங்கள் பனிக்கட்டிபோல இருக்கும், ஐயா. பூட்ஸ் கழற்ற உதவும்போது நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். புருஷனுக்குப் பயந்து ஒரு பெண் குளிரில் கிடக்கவேண்டுமா? அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது நான் ஒரு பையைத் துணியில் சுற்றி அந்த அம்மாவின் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். மூன்றாவது நாள் துணி சுற்ற மறந்துவிட்டேன்.

அந்த அம்மாவின் பாதங்களுக்கு உணர்ச்சி இல்லை. சூடு தெரியாது. அதனால்தான் பை வேண்டாம் என்றிருக்கிறார் தோன் ஃபெர்மின். காலையில் வலது குதிகாலில் தோல் உரிந்து கொப்புளமாக இருந்தது. கப்பல் மருத்துவர் மருந்து போட்டார். எப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டதற்கு, குழாய் வெந்நீர் பட்டுவிட்டது என்று தோன் ஃபெர்மின் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

அன்று மதியம் அவர் என்னைத் தேடித் துணி அறைக்கு வந்தார். வெறும் ரப்பர் பையை மேசைமேல் வைத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"யார்கிட்டயும் சொல்லப்போறதில்லம்மா" என்றார். "உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, பயப்படாதீங்க. நீங்க கெட்டவங்க இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் நீங்க அவளுக்காகச் செய்யல. உங்களுக்காகச் செய்றீங்க."

அவர் போகும்போது திரும்பி, "க்ளோரிந்தாவுக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அவகூடப் பேசிக்கிட்டிருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார், ஐயா. நான் கேட்கவே இல்லை.

என் ஜெபமாலையை எடுத்து அவருக்காகத்தான் ஜெபித்தேன். இந்த மனிதருடைய கல்மனது கரையவேண்டும், அடுத்தவர் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள இவர் கற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்டேன். நல்ல ஜெபம்தான். யாரிடம் சொன்னாலும் தப்பில்லை என்பார்கள்.

அந்தத் தீவில் இறங்கியது அதற்கு இரண்டு நாள் கழித்து. கூழாங்கல் கரை, பென்குவின்கள், சரிவுக்கு மேலே ஆராய்ச்சிக்காரர்கள் விட்டுப்போன ஒரு பழைய மரக்குடிசை. இறங்குமுன் எலீசெயோ எல்லோரையும் கூட்டி வைத்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "யாருக்காவது குளிர் தாங்கலேன்னா அந்தக் குடிசை திறந்துதான் இருக்கு. அடுப்பு இருக்கு, கம்பளி இருக்கு. ஒயின் மட்டும் இல்ல, அத நான் போன வருஷமே குடிச்சுட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். தோன் ஃபெர்மினும் சிரித்ததைப் பார்த்தேன்.

காற்று மாறப்போகிறது என்று கப்பல் தலைவர் அவசரப்படுத்தினார். படகுகள் சீக்கிரமே திரும்ப ஆரம்பித்தன. தோன்யா க்ளோரிந்தாவை ஒரு வழிகாட்டி முன்னாடியே கூட்டி வந்துவிட்டார், நடுக்கம் அதிகமாகிவிட்டது என்று. நான்தான் கைகொடுத்து மேலே ஏற்றினேன். ஒரு கையில் கையுறை இல்லை.

"கழண்டு விழுந்துடுச்சு எதெல்மிரா. என் தங்கச்சி பின்னிக் கொடுத்தது" என்றார். "அவர் தேடப் போயிருக்கார். போகாதீங்கன்னா கேட்டாத்தானே. 'உன் கையுறை இல்லாம நான் ஊர் திரும்பினா உன் தங்கச்சி என்னத் தோல உரிச்சுடுவா'ன்னு சிரிச்சுக்கிட்டே போறார். அந்தச் சரிவுக்குப் பின்னாடி போனார். எலீசெயோவுக்குத் தெரியாது. கொஞ்சம் சொல்லிடுங்கம்மா, அவருக்காக நிக்கச் சொல்லுங்க."

"சொல்லிடறேன்" என்றேன்.

அந்த அம்மா தன் வில்லையைத் தானே வெள்ளைக்குத் திருப்பினார். விரல்கள் நடுங்கியதால் நேரம் ஆனது. நான் உதவவில்லை, அவரவர் கையால் திருப்பவேண்டும் என்பது விதி. அவரை அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, சாக்லேட் கொடுத்தேன். பிறகு பலகைக்குத் திரும்பி வந்தேன்.

முழுப் பலகையும் வெள்ளை. தோன் ஃபெர்மினின் இருபத்து மூன்று மட்டும் சிவப்பு.

வாக்கி-டாக்கியில் எலீசெயோ குரல், காற்றோடு சேர்ந்து வந்தது. "எதெல், பலகை எப்படி இருக்கு? இங்க அலை ஏறுது. இந்தப் படகோட முடிச்சுடலாமா?"

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று உண்மையாகச் சொல்கிறேன். ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும், கப்பல் திரும்பிப் போகும், கொண்டுவருவார்கள். அதற்குள் அந்த மனிதர் குளிரில் உட்கார்ந்து, ஒரு சூடான துண்டு யாராவது கொடுக்கமாட்டார்களா என்று ஏங்கட்டும். ஒரு வெந்நீர்ப் பையின் அருமை தெரியட்டும். அந்த அம்மாவும் ஒரு சாயங்காலம் யாரும் தாவாயைத் தூக்காமல் நிம்மதியாக இருக்கட்டும். ஒரு தவக்காலப் பயிற்சி மாதிரி அதை நினைத்தேன். வில்லையைத் திருப்பினேன். இலேசாகத்தான் இருந்தது.

"எல்லாம் வெள்ளை" என்றேன்.

"ஃபெர்மின் ஐயாவ நான் எந்தப் படகுலயும் பார்க்கலையே?"

"உள்ள இருக்கார். அந்தம்மாவோட."

"சரிவுக்குப் பின்னாடி ஒருவாட்டி பார்த்துட்டு வந்துடவா?"

"எதுக்கு? காற்று ஏறுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. பசங்களக் கூட்டிக்கிட்டு வாங்க."

"நீ சொன்னா சரி."

படகு வந்தது. நங்கூரம் ஏறியது.

அதற்குப்பின் நான் செய்ததெல்லாம் என் வழக்கமான வேலைதான். தோன்யா க்ளோரிந்தாவிடம் போனேன். அவர் எங்கே என்று கேட்டார். மேலே கப்பல் தலைவரோடு எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், கையுறை கிடைத்துவிட்டது என்றேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "குழந்தைய மாதிரி, எஞ்சினப் பார்த்தா நகரமாட்டார்" என்று சிரித்தார். அலை வரப்போகிறது என்று சொல்லிக் குமட்டல் மாத்திரை கொடுத்தேன். அது தூக்கம் வரவைக்கும். குதிகாலில் கட்டு மாற்றினேன். கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைத் தொங்கவிட்டேன். சாப்பாட்டுக்கூடத்தில், இருவரும் அறையிலேயே சாப்பிடுகிறார்கள் என்று சொல்லித் தட்டு வாங்கி வந்தேன். இரண்டு கிண்ணம் பூசணி சூப், ரொட்டி, ஆட்டுக்கறி. அந்த அம்மா தூங்கிப்போயிருந்தார். ஒரு கிண்ணத்தை மூடி வைத்தேன். மற்றதை வீணாக்க மனமில்லாமல் துணி அறையில் நின்றுகொண்டு நானே குடித்தேன். கறியையும் சாப்பிட்டேன்.

சோய்லா எட்டிப் பார்த்து, "என்னக்கா, ரொசாரியோக்காரரு இன்னைக்கு உங்க கையால சாப்பாடு வாங்கிக்கிட்டாரா? உலகம் அழியப் போகுது" என்றாள்.

"மனுஷன் மாறக்கூடாதா?" என்றேன்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன் அல்லவா? தெரியாதபடி செய்தது நான்தான், அந்தத் தட்டும் அந்த அட்டையும் என் கையால் போனவைதான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று சொல்ல விரும்புகிறேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று மறுபடி அறைக்குப் போனேன். தோன்யா க்ளோரிந்தா வாயை இலேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கைகள் ஆடவில்லை. தூக்கத்தில் அந்த நடுக்கம் நின்றுவிடுமாம், எனக்குத் தெரியாது. அவ்வளவு அமைதியான கைகளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை, ஐயா. வெளியே காற்று ஊளையிட்டது. நான் சன்னல் பக்கப் படுக்கையை விரித்து, போர்வைக்குள் ஒரு வெந்நீர்ப் பை வைத்தேன். துணி சுற்றித்தான் வைத்தேன். அவர் வரும்போது குளிரில் வருவாரே.

அந்தப் பைதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. அந்த அம்மா விழித்தபோது பக்கத்துப் படுக்கையில் ஆள் இல்லை, போர்வை மட்டும் உப்பியிருந்தது. கையை விட்டுப் பார்த்திருக்கிறார். பை ஆறிப்போயிருந்தது. அறைக்கு ஃபெர்மின் வந்திருந்தால் முதல் வேலையாக அதை எடுத்து வெளியே வைத்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். காலணிகூடப் போடாமல், கட்டுப்போட்ட குதிகாலோடு, ஆடுகிற கப்பலில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே போனார். நான் மடித்து வைத்த காகித விசிறிகள் அவர் போன வழியெல்லாம் தரையில் கிடந்தன.

கப்பல் உடனே திரும்பியது. ஆனால் அந்தக் காற்றில் படகு இறக்க முடியவில்லை. தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டு, காற்று அடங்குவதற்காக எல்லோரும் காத்திருந்தோம். எலீசெயோ தண்ணீரில் குதிக்கப் போனார், இரண்டு பேர் பிடித்து வைத்தார்கள். "நான் எண்ணியிருக்கணும், நான் எண்ணியிருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எதெல் சொன்னாள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோதுகூட, "பலகை வெள்ளையா இருந்துச்சு, நான் பார்க்காம வந்துட்டேன்" என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அவருக்குச் சூடாக மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார்.

காலையில் தோன் ஃபெர்மினைக் கண்டுபிடித்தார்கள். படகு வந்து நிற்கும் இடத்திலேயே, ஒரு கல்மேல், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையுறையை நனையாமல் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார்.

நீங்கள் எல்லோரும் என்னைக் கேட்டீர்கள், எலீசெயோவைக் கேட்டீர்கள், மருத்துவரைக் கேட்டீர்கள்: குடிசை நூறு அடி மேலே இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, அடுப்பு இருக்கிறது, அது அவருக்கும் தெரியும், பின் ஏன் அங்கே போகவில்லை என்று. குளிரில் புத்தி மயங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னார். அதை நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்.

நான் உங்களிடம் நானாக வந்ததற்குக் காரணம் எலீசெயோ என்று நினைக்காதீர்கள். அவருக்கு வேலை போகும், வழக்கும் வரும் என்று தெரிந்தும் நான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பாதிரியாரிடமும் போகவில்லை. அங்கே போனால் மன்னிப்புக் கிடைத்துவிடும். எனக்கு ஏற்கெனவே ஒருமுறை மன்னிப்புக் கிடைத்து நான் என்ன செய்தேன் என்று பார்த்துவிட்டேன்.

இன்று காலையில் துறைமுகத்தில் தோன்யா க்ளோரிந்தா இறங்கினார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு படிவரை போனேன். அவசரத்தில் என் மேலங்கியை மூடவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் நின்று என்னைப் பார்த்தார். "சளி பிடிச்சுக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அந்த நடுங்குகிற விரல்களால் என் கழுத்துப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை. வழுக்கியது, மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. பின்னால் வரிசையில் எல்லோரும் காத்திருந்தார்கள். விரல்கள் ஆடாதிருக்க அவர் என் தாவாயைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது.

அவர் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை. தான் அன்பு செய்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. பொத்தான் மாட்டியதும் தட்டிக்கொடுத்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்ட சுமைக்காரருக்குப் பின்னால் போய்விட்டார். நான் அப்படியே இங்கே நடந்து வந்தேன்.

ஆகவே எலீசெயோவை விட்டுவிடுங்கள். வில்லை என்னுடைய வேலை. பொய் என்னுடையது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கேட்காததால் நான் சொல்லாமல் போகலாம், ஆனால் குடிசைக்கு அவர் ஏன் போகவில்லை என்பது இதைச் சொன்னால்தான் விளங்கும். அவர் புத்தி மயங்கிச் சாகவில்லை, ஐயா. அந்த மனிதரைப் பற்றி அப்படி எழுதிவைப்பது நியாயம் இல்லை.

நங்கூரம் ஏறும்போது நான் பின்தளத்தில் இருந்தேன். படகில் வந்தவர்களுக்குப் போர்த்திய கம்பளிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை, எல்லோரும் சாக்லேட் குடிக்கப் போய்விட்டார்கள். சரிவுக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். கப்பல் நகர்வதைப் பார்த்ததும் ஓடினார். வயதான மனிதர் கூழாங்கல்லில் ஓடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கரை விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கையில் கையுறை. பிறகு என்னைப் பார்த்துவிட்டார். என் வெள்ளை முன்துணி தூரத்திலிருந்தே தெரியும். என்னைத்தான் பார்த்தார், சந்தேகம் இல்லை.

நான் கம்பளியைக் கீழே வைத்தேன். நானும் கையைத் தூக்கி அசைத்தேன். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கிக் காட்டி, இருங்கள், அங்கேயே இருங்கள், வருகிறோம் என்று நிதானமாக, அவருக்கு நன்றாகப் புரியும்படி சைகை செய்தேன்.

அவர் கைகளை இறக்கினார். தலையை ஆட்டியதுபோல இருந்தது. சுற்றிப் பார்த்து ஒரு கல்லைத் தேடி, கடலுக்கு முகம் வைத்து, சொன்னபடியே உட்கார்ந்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சமும் கோபம் இல்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. அவ்வளவு நாளில் நான் கொடுத்ததில் அவர் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.